உள்தையல்

1986ஆம் ஆண்டு. நான் மேல்நிலை முதலாம் ஆண்டில் பயின்றுகொண்டிருந்தேன். எங்கள் சோளிங்கர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அப்பா விடியலிலேயே பேருந்தேறி இராணிப்பேட்டைக்குச் செல்வார். அங்கே தோல் பதனிடும் ஆலையொன்றில் அவருக்கு வேலை. இரவில் அவர் திரும்பும்போது சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை அவருக்கு முன்னே வீட்டிற்குள் நுழையும். பள்ளியில் எவரேனும் அப்பாவின் தொழிலைக் கேட்டால், ‘கம்பெனி வேலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அவ்வாண்டு ஆடி மாதத்தில், சதை சீவும் கத்தி நழுவி அப்பாவின் இடது முன்கையில் ஆழமாகப் பாய்ந்தது. மருத்துவமனையில் உள்ளே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு அடுக்குத் தையல் போட்டார்கள். பத்தாம் நாள், மேலிருந்த கறுப்பு நூலைச் செவிலியர் நறுக்கி எடுத்தார். வெளியே வந்ததும் அப்பா கவலையோடு, “மேல போட்டதைப் பிரிச்சிட்டாங்க. உள்ள போட்டதை எப்பப்பா பிரிப்பாங்க?” என்று கேட்டார். நான் திரும்பிச் சென்று வினவினேன். “அது தானாவே கரைஞ்சிடும், தம்பி” என்ற செவிலியர், குப்பைக்குப் போகவிருந்த காலி உறை ஒன்றை என்னிடம் தந்தார். ‘குரோமிக் கேட்கட்’ என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி அறிவித்திருந்தார்கள். ‘அறுவைக் கருவிகளும் தையல் இழைகளும்’ என்னும் தலைப்பை எடுத்துக்கொண்டேன். நூலகத்தில் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். சுசுருதர் 101 மழுங்கிய கருவிகளையும் 20 கூரிய கருவிகளையும் வகுத்துக் கூறியிருக்கிறார் என்பதும், அவற்றுள் சில சிங்கமுகம், காக்கைமுகம் என விலங்கு, பறவைகளின் பெயரைத் தாங்கியவை என்பதும் வியப்பளித்தன. கிழிந்த குடலின் விளிம்புகளைக் கருப்பு எறும்புகளைக் கொண்டு கடிக்கச் செய்து, உடலைக் கிள்ளியெறிந்து தலையை மட்டும் தையலாக விட்டுவிடும் முறையைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தமிழாசிரியரோ பதிற்றுப்பத்தை எடுத்துக் காட்டினார். அதன் ஐந்தாம் பத்தில் பரணர், வீரரின் விழுப்புண்ணைத் தைத்து மேலெழும் நீண்ட வெள்ளூசியை, குளிர்ந்த குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திப் பறவைக்கு ஒப்பிட்டிருக்கிறார். ஊசி சதைக்குள் புகுந்து மறுபுறம் வெளிவருவதை அருகிருந்து பார்த்தவரால்தான் அப்படிச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றியது. நான் பார்த்திருந்தேனே!

கேட்கட் என்பதைப் ‘பூனைக்குடல் நூல்’ என்று பெயர்த்து அட்டையில் பெரிதாக எழுதியிருந்தேன். விலங்கியல் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, “பூனைன்னு யார் சொன்னது? பெயரை வைத்து எழுதினாயா, தேடிப் பார்த்து எழுதினாயா?” என்றார். தேடிப் பார்த்தேன். அது ஆட்டின் அல்லது மாட்டின் குடற்சுவரிலிருந்து எடுக்கப்படும் இழை. பூனைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குர்துபா நகரத்து மருத்துவர் அல் சஹ்ராவி விலங்குக் குடல் இழையால் தைத்திருக்கிறார். அட்டையைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன்.

ஆயினும் ‘குரோமிக்’ என்னும் சொல் விளங்கவில்லை. ஒருநாள் இரவு அந்த உறையை வைத்துக்கொண்டு உரக்கப் படித்தபோது, படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

“குரோமா? நாங்க போடுறதுதாம்பா அது. குரோம் ஏறாத பச்சைத் தோலு ரெண்டே நாள்ல அழுகிடும். ஏறிட்டா நீலமா மாறிடும். அப்புறம் தண்ணியில கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது. நூலுக்கும் அதைத்தான் பண்ணியிருப்பாங்க.”

அவர் சொன்னது முற்றிலும் சரி. தோலிலும் குடல் இழையிலும் இருப்பது கொலாஜன் என்னும் ஒரே புரதம். பதப்படுத்தாத குடல் இழை உடலுக்குள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வலுவிழக்கத் தொடங்கிவிடும். குரோமிய உப்பு அந்தப் புரதத்தின் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பதால், உடலின் நொதிகள் அதனை எளிதில் செரிக்க முடிவதில்லை. இரண்டு மூன்று வாரம் வரை தையல் தாங்கும். காயம் ஆறுவதற்கு அந்த அவகாசம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் லிஸ்டர் கையாண்ட உத்தி இது. (அதே குரோமியம் எங்கள் பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீரைக் கெடுத்தது வேறொரு கதை.) இன்று செயற்கை இழைகள் பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

மறுநாள் அப்பா நீலத் தோல் துண்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நூலுறைக்குப் பக்கத்தில் அதனை ஒட்டினேன்.

கண்காட்சியின் முதல் நாள் வந்திருந்த மருத்துவர் ஒருவர் அந்த நீலத் துண்டின் முன் நெடுநேரம் நின்றார். “தோலையும் நூலையும் இப்படிச் சேர்த்துக் காட்டியிருக்கிறாயே, இதை உனக்கு யார் சொன்னது?” என்று கேட்டார். நண்பர்கள் சூழ்ந்திருந்தனர். “புத்தகத்தில் படித்தேன், ஐயா” என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான் வாயிலருகே, கட்டுப்போட்ட கையோடு அப்பா நிற்பதைக் கண்டேன். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சென்றார்.

வீட்டில் அவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் முதல் ஆளாகப் பள்ளிக்குச் சென்று, அட்டையின் அடியில் ‘குரோமியம் பற்றிய செய்தியைக் கூறியவர்: என் தந்தை, தோல் பதனிடும் தொழிலாளர்’ என்று எழுதி, அவர் பெயரையும் எழுதினேன்.

மாலையில் அப்பாவை வற்புறுத்தி அழைத்து வந்தேன். தம் பெயரை மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர். அட்டை முழுவதும் கண்ணோட்டியவர், அடிவரிக்கு வந்ததும் நின்றார்.

“நம்ம பேரு எதுக்குப்பா இங்க?”

கேட்டாரே தவிர, காவலர் விளக்கை அணைக்க வரும்வரை அவ்விடத்தை விட்டு நகரவில்லை.