அசையாத பந்து

பந்து அசைவதில்லை. கோல்ஃப் ஆட்டத்தை முதன்முதலாகக் காண்போர் எளிதென்று எண்ணுவதற்கும், சில நாள் ஆடிப் பார்த்தோர் தலையில் கைவைத்து அமர்வதற்கும் காரணம் அதுவே. கிரிக்கெட்டில் எதிராளி வீசும் பந்து நம்மை நோக்கி வருகிறது. அதன் வேகமும் சுழற்சியும் நம் பிழைக்குச் சாக்காகின்றன. இங்கு அத்தகைய சாக்கு எதுவுமில்லை. 46 கிராம் எடைக்கும் சற்றுக் குறைந்த வெண்பந்து ஒன்று புல்மேல் காத்துக் கிடக்கிறது. அது புதருக்குள் போனால், அனுப்பி வைத்தவர் நாமேதான்.

நான் இவ்விளையாட்டைக் கற்றது நீலகிரி மலையில், ஆடுவோரின் மட்டைப்பையைச் சுமக்கும் சிறுவனாக. அப்பணி செய்வோரைக் 'கேடி' என்பர். சமவெளியில் இருந்த எங்கள் உறவினர் நடுவே அச்சொல்லுக்கு வேறு பொருள். காவல்நிலையப் பதிவேட்டில் பெயரேறிய போக்கிரிக்கு வழங்கும் சொல் அது. "பேரன் என்ன செய்கிறான்?" என்று கேட்டவரிடம் "மலையில் கேடியாக இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு, என் பாட்டி அரைநாள் விளக்கம் கூற நேர்ந்தது.

தந்தையார் அதே ஆட்டக்களத்தில் புல்வெட்டும் தொழிலாளி. திங்கட்கிழமைகளில் களம் மூடப்பட்டிருக்கும். அன்று மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். கைப்பிடி தேய்ந்ததென்று யாரோ ஒதுக்கிய ஏழாம் எண் இரும்புமட்டை ஒன்று என்னிடம் இருந்தது. முட்புதர்களிலும் சதுப்பிலும் பொறுக்கிய பழம்பந்துகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. கற்றுக்கொடுப்பார் யாருமில்லை. விறகு பிளந்து பழகிய கைகள் எனக்கு. மட்டையையும் கோடரியைப் போலவே தோள்வலியால் இழுத்து வெட்டினேன். பந்து நெடுந்தொலைவு பறந்தது. ஆனால் நேராகப் பறக்கவில்லை. புறப்பட்ட சிறிது நேரத்தில் வலப்பக்கமாக வளைந்து இறங்கியது.

அவ்வளைவின் காரணம் அப்போது எனக்குத் தெரியாது. மட்டையின் முகம் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் காலம், ஒரு நொடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஏறத்தாழ ஒரு கூறு. அந்த இமைப்பொழுதில் மட்டை செல்லும் பாதை ஒருபுறமும் முகம் வேறுபுறமும் நோக்கினால் பந்து சாய்ந்து சுழல்கிறது. சுழற்சி அதை வளைக்கிறது. வளைவைக்கூட விட்டுவிடுவோம். புறப்படும் திசையில் ஒரு பாகை பிசகினாலே, 200 கெஜத் தொலைவில் பந்து மூன்றரைக் கெஜம் விலகி விழும் என்பதைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே அறியலாம். எனது பிசகு பல பாகை.

ஆயினும் நான் ஆட்டத்தில் மோசமானவன் அல்லன். பந்து வலப்பக்கம் வளையுமென்று தெரிந்தபின், இலக்குக்கு இடப்புறமாக நின்று அடிக்கப் பழகிக்கொண்டேன். வளைந்து வந்து அது நடுக்களத்தில் விழும். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எங்களுள் மூத்த கேடி ஒருவர் மட்டும் பாராட்டவில்லை. அவரைப் பெரியண்ணன் என்றே அழைப்போம்.

"தம்பி, நீ தவற்றைத் திருத்தவில்லை. அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாய்" என்றார்.

"பந்து போய்ச் சேருகிறதே, அண்ணே?"

"காற்றில்லாத நாளில் சேரும். ஆனியில் வந்து அடித்துப் பார்."

ஆனி வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று சரிவுகளில் ஏறி வீசத் தொடங்கியதும், வளைந்து சென்ற என் பந்துகளைக் காற்று பிடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டது. அன்று மாலையே அவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்றேன். எவ்வளவு பயிற்சி செய்கிறாய் என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் 200 பந்துகள் அடிப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்படியானால் ஒரே தவற்றை இருநூறு முறை மனப்பாடம் செய்திருக்கிறாய்" என்றார்.

பந்துச் சாக்கை அவர் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மூன்று வாரம் பந்தைத் தொடக்கூடாது என்பது முதற்கட்டளை. பிடியை மாற்றினார், இடக்கையைச் சிறிது வலமாகத் திருப்பி, கீழே நோக்கும்போது இரண்டு விரல்முட்டிகள் தெரியும்படி வைத்தார். வலக்கைச் சுண்டுவிரலை இடக்கையின் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின்மேல் அமர்த்தினார். பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை ஆறுமுறை வென்ற ஹாரி வார்டனின் பெயரால் வழங்கும் பிடி அது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அன்றோ, வேறொருவருடைய கைகளைக் கடன் வாங்கிப் பிடித்திருப்பதாகவே தோன்றியது. இரவில் உறங்குமுன் விறகுக்குச்சி ஒன்றை அப்படிப் பிடித்துப் பிடித்துப் பழகினேன்.

அடுத்தது உடலின் ஒழுங்கு. நான் மட்டையை இறக்கும்போது முதலில் தோள் பாய்ந்தது. முதலில் எடை இடக்காலுக்கு மாறவேண்டும். பிறகு இடுப்பு திரும்பவேண்டும். தோளும் கையும் அதைத் தொடரவேண்டும். மட்டை கடைசியாக வரவேண்டும். சாட்டையை வீசுபவரைப் பார்த்தால் இது விளங்கும். கைப்பிடி முதலில் அசைகிறது, நுனி கடைசியில் வந்து ஒலி எழுப்புகிறது. விளங்குவது எளிது, உடலுக்கு விளங்கவைப்பதுதான் பெரும்பாடு. இரு அக்குள்களிலும் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு, அது நழுவாமல் அரைவீச்சு வீசச் சொன்னார். தோள் தனியே பாய்ந்தால் துண்டு விழுந்துவிடும். பாதங்களைச் சேர்த்து நின்று வீசச் சொன்னார். வலிமையைக் காட்டினால் நிலைதடுமாறும். எல்லாவற்றையும் நீருக்குள் அசைவதுபோல் மெதுவாகச் செய்யவேண்டும்.

மூன்று வாரம் கழித்துச் சாக்கிலிருந்து நாளுக்கு முப்பது பந்துகள் மட்டும் தந்தார். ஒவ்வொரு பந்துக்கும் பின்வாங்கி நின்று, இலக்கைப் பார்த்து, பிடியைச் சரிசெய்து, பிறகே அடிக்கவேண்டும். அடித்தபின் பந்து எங்கே விழுந்ததென்று சொல்வதற்குமுன், கையில் என்ன உணர்ந்தேன் என்று சொல்லவேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அதை எழுதவும் வேண்டும். 'அவசரம்', 'தோள்', 'மறுபடியும் தோள்' என்றே பல பக்கங்கள் நிறைந்தன. அந்நோட்டு இன்றும் என்னிடம் உள்ளது. அதைப் போல் சலிப்பூட்டும் நூலை நான் படித்ததில்லை.

நான்காம் மாத இறுதியில் கேடிகளுக்கான ஆண்டுப்போட்டி வந்தது. முதலிடம் பெறுபவரை உதவிப் பயிற்றுநராக வைத்துக்கொள்வார்கள் என்ற பேச்சு அவ்வாண்டு அடிபட்டது. மாதச் சம்பளம்! மழைக்காலத்தில் ஆடுவோர் வராத நாள்களில் அடுப்பெரியாத எங்கள் வீட்டில் அச்சொல்லுக்கு இருந்த எடையைச் சொல்லத் தேவையில்லை. பெரியண்ணன் இந்த ஆண்டு ஆடவேண்டாம் என்றார். தந்தையார் ஆடத்தான் வேண்டும் என்றார். ஆடினேன்.

முதல் ஆறு குழிகளில் புதிய வீச்சு இரண்டுமுறை அழகாக அமைந்தது; மற்றவை தரையை உழுதன. ஏழாம் குழியில் பொறுமை இழந்து, பழையபடி இடப்புறம் நோக்கி நின்று விறகு வெட்டும் வீச்சை வீசினேன். பந்து வளையவேயில்லை. நோக்கிய இடப்புறத்திலேயே நேராகப் போய்ச் சோலைக்குள் மறைந்தது. பழையது போயிருந்தது, புதியது வந்திருக்கவில்லை. என்னுடன் எப்போதும் தோற்கும் நண்பன் ஒருவன் அன்று வென்றான். அந்த வேலையும் அவனுக்கே கிடைத்தது. அவன் தகுதியானவன்தான் என்பதை இப்போது சொல்ல முடிகிறது; அப்போது முடியவில்லை.

"இருந்ததையும் கெடுத்துக்கொண்டாயே" என்றார் தந்தையார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த பல வாரங்கள் ஆட்டத்தைப் பற்றி என்னிடம் எதுவுமே பேசவில்லை.

இந்த இடைக்காலத்துக்கு ஆளானவர்கள் நம்மினும் பெரியவர்களிலும் உண்டு. பென் ஹோகன் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில் கேடிச் சிறுவனாகத் தொடங்கி, 1930இல் தொழில்முறை ஆட்டக்காரரானவர். அவருடைய துன்பம் எனக்கு நேரெதிர். பந்து இடப்பக்கம் வளைந்தது. தனியாள் போட்டி ஒன்றில் அவர் முதல் வெற்றி கண்டது 1940இல்தான். டைகர் உட்ஸ் 1997ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் 12 அடிகள் முன்னிலையில் வென்றபின், வென்று தந்த அதே வீச்சைப் பிரித்துத் திருத்தி அமைக்கத் துணிந்தார். அடுத்த ஆண்டில் அவருக்கு வெற்றிகள் அருகின. 2000ஆம் ஆண்டில் நான்கு பெரும்போட்டிகளுள் மூன்றை வென்றார். இவற்றையெல்லாம் அன்றே அறிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்குமோ என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. இருந்திராது என்றே நினைக்கிறேன். அவர்கள் கதைகளின் முடிவு நமக்குத் தெரிகிறது. என் கதை என்னவாகும் என்பது அந்தத் திண்ணையில் எனக்குத் தெரியவில்லை.

பெரியண்ணனிடம் போய், பந்துச் சாக்கைத் திருப்பிக் கேட்டேன். கொடுத்துவிட்டார். மறுநாள் விடியலில் சாக்கைத் திறந்து, எண்ணி முப்பது பந்துகளை எடுத்தேன். ஏன் முப்பதோடு நிறுத்தினேன் என்று இன்றும் என்னால் விளக்க இயலவில்லை. கோபத்தோடுதான் எடுத்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இப்போது நான் பிறருக்குக் கற்றுத்தரும் இடத்தில் இருக்கிறேன். வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை பந்து அடிக்கவேண்டும் என்பதே. முப்பது என்றால் முகம் வாடுகிறது. கூடை கூடையாக அடித்து வியர்த்தால்தான் உழைத்ததாக மனம் ஒப்புகிறது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே சும்மா நிற்பதாகத் தோன்றும் அந்த அரை நிமிடத்தில் எதையேனும் கற்கிறோம் என்பதை நம்ப அவர்களுக்கும் நாளாகிறது, எனக்கும் நாளானது.

நோட்டில் மார்கழி மாதத்துப் பக்கமொன்றில் ஒரு குறிப்பும் இல்லை. தேதி மட்டும் உள்ளது. அன்று திங்கட்கிழமை. குன்றுக்கு அப்பால் தாழ்வில் இருந்த குழியை நோக்கி நின்றேன். கொடி தெளிவாகத் தெரிந்தது. அருகே, அடுத்த குழிக்கான ஆட்டமேடையில், தந்தையார் புல்வெட்டும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீசினேன். எடை மாறியதோ இடுப்பு திரும்பியதோ எதுவும் நினைவிலில்லை. கையில் ஒன்றும் உணரவில்லை. ஒரு சிறிய, கெட்டியான ஒலி மட்டும் கேட்டது. பந்து மேலெழுந்து உச்சியை அடையுமுன் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து கொடியையும் மேடையையும் தந்தையாரையும் மூடிவிட்டது. மலையில் அது அப்படித்தான் வரும், சொல்லாமல்.

வலப்பக்கம் பார்த்தேன், பழக்கம். பின் எங்கு பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

வெண்மைக்குள்ளிருந்து தந்தையாரின் குரல் வந்தது. "கொடிக்கு நேராகக் கிடக்கிறது." சற்று நேரம் ஒன்றுமில்லை, அடியால் அளக்கிறார் என்பது புல்மேல் கேட்ட காலடிகளில் தெரிந்தது. "ஒன்பது அடி."

நான் இறங்கி ஓடப்பார்த்தேன்.

"அங்கேயே இரு. இன்னொன்று அடி, பார்ப்போம்."

பையிலிருந்து இரண்டாம் பந்தை எடுத்துப் புல்மேல் வைத்தேன். பின்வாங்கி நின்று, குனிந்து இடக்கையைப் பார்த்தேன். இரண்டு முட்டிகள் தெரிந்தன. கொடி தெரியவில்லை. பனி விலகட்டும் என்று அவர் அங்கேயும் நான் இங்கேயுமாகக் காத்திருந்தோம்.