பாம்புக்கும் ஒரு பானை

நம் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பாம்புச் சட்டை புதிதல்ல. சிதம்பரத்தை அடுத்த எங்கள் கிராமத்தில், மழைக்காலத்தில் வைக்கோல் போர் ஓரம் தலை முதல் வால் வரை கிழியாமல் கிடக்கும். கண் இருந்த இடத்தில் கண்ணாடிபோல் இரண்டு வட்டம்கூடத் தெரியும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் செதிலும் சட்டையோடு கழன்றுவிடும்.

டல்லாஸில் படிக்கும் என் பேரன் 'பால் பைத்தான்' என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்க்கிறான். விஷமில்லாதது. போன ஜனவரியில் வீடியோ காலில் வந்தான். "தாத்தா, சட்டை துண்டு துண்டாத்தான் உரியுது. கண்ணுல ஒட்டிக்கிச்சு, இரையும் எடுக்க மாட்டேங்குது" என்றான். குரல் கம்மியிருந்தது.

பெட்டியைக் காட்டச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டி, மேலே கம்பி வலை, அதன்மேல் சூடு விளக்கு. ஒரு பக்கம் 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26. அது சரிதான். பாம்பு நம்மைப்போல் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. இரை செரிக்கச் சூட்டுப் பக்கமும், ஆற நிழல் பக்கமும் மாறிப் படுக்கும். ஆனால் ஈரப்பதம் 30 சதவீதம். இதற்கு 60-ஆவது வேண்டும் என்று பேரனே சொன்னான். வீட்டில் ஹீட்டர், பெட்டியில் விளக்கு. இருந்த ஈரமெல்லாம் வலை வழியே போய்விட்டது.

எனக்கு வடநெம்மேலி நினைவு வந்தது. கடலூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும்போது, மாமல்லபுரம் தாண்டினால் முதலைப் பண்ணை. அதற்குள்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பிழந்த இருளர்களுக்காக, ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1978-ல் தொடங்கியது. விஷமுறிவு மருந்துக்காக நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றில் விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அதுவரை அவற்றுக்கு மண்பானைதான் வீடு. உள்ளே மணல், வாயில் துணிக்கட்டு. நம் தண்ணீர்ப் பானை மாதிரியே இருட்டு, குளிர்ச்சி.

பேரனிடம் சொன்னேன்: "ஒரு மண்சட்டியில் பாம்பு நுழைய வழி வைத்துக் கவிழ். உள்ளே பாசியை நனைத்துப் பிழிந்து போடு. விளக்கு இல்லாத பக்கம் வலையைக் கொஞ்சம் மூடு. பெட்டித் தரை முழுக்க நனைக்காதே. ஓயாமல் ஈரத்தில் படுத்தால் வயிற்றில் கொப்புளம் வரும். கண்ணில் ஒட்டியதை நகத்தால் பிய்க்காதே, டாக்டரிடம் காட்டு."

மார்ச்சில் அடுத்த சட்டை முழுதாகக் கழன்றது, கண் செதிலோடு. மறுவாரம் எலியும் தின்றதாம்.

இங்கே யாரும் முயல வேண்டாம். நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சங்கம் அரசு அனுமதியோடு செய்கிறது. ஆனால் கத்திரி வெயிலில் பாம்பு நிழலும் ஈரமும் தேடி நம் குளியலறைக்கும் தண்ணீர்த் தொட்டி ஓரத்துக்கும் வரத்தான் செய்யும். குடத்தடியில் கை விடுமுன் விளக்கைப் போட்டுப் பாருங்கள். இருந்தால் அடிக்கப் போகாதீர்கள். விலகி நின்று, 101-க்குப் போன் செய்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.