ஐஸைத் தொட முடியாத மீன் வியாபாரி

2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் குளிர்காலமே கிடையாது. ஜனவரியிலும் ஃபேன் ஓட வேண்டும். இந்த ஊரில் குளிர் இருப்பது ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஐஸ் பெட்டியிலும்தான். அவை மூன்றிலிருந்தும் ஒதுங்கி வாழும் ஒருவரைப் பார்க்க ஜங்லிகாட் போயிருந்தேன். என் சித்தப்பா, மீன் வியாபாரி.

குடல் புற்றுநோய்க்குச் சென்னையில் ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ நடக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை விமானத்தில் போய் ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிக்கொண்டு வருகிறார். பிறகு 14 நாள் வீட்டில் கேப்சிடபைன் மாத்திரை. ஆக்ஸாலிபிளாட்டின் நரம்புகளைக் குளிருக்குக் கூச வைக்கும். ஏற்றிய சில மணி நேரத்தில் தொடங்கும் இந்தக் கூச்சம், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

காலையில் மீன் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனார். தெர்மகோல் பெட்டியில் ஐஸை உடைத்துப் போடுவது கடைப் பையன். சித்தப்பா காலுறை, கையுறையோடு தள்ளி உட்கார்ந்து காசு மட்டும் வாங்குகிறார்.

“முதல் தடவை ஏத்திட்டு வந்ததும் பழக்கத்துல வஞ்சிரத்தத் தூக்கிட்டேன்டா. கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு. விரலை நீட்டவே முடியல” என்றார்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் ஒரு துணிக் கையுறை தொங்குகிறது. ஆனாலும் சித்தி அவரைத் திறக்க விடுவதில்லை. குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர். இளநீர் என்றால் ஐஸில் வைக்காதது. சில்லென்று எதையாவது விழுங்கினால் தொண்டை இறுகி, மூச்சே நிற்பதுபோல் தோன்றுமாம். அது நரம்பின் வேலை, மூச்சுக்குழாய் அடைபடவில்லை. வெந்நீரை மெதுவாகப் பருகினால் தெளியும். ஆனால் உதடு வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ, மூச்சு உண்மையிலேயே திணறினாலோ ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விமான ஏசிக்கு முகக்கவசமும் மப்ளரும் பையில் தயாராக இருக்கின்றன.

குளிருக்குப் பயந்து கையைச் சுடுநீரில் வைக்கவும் வழியில்லை. மாத்திரையால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிகின்றன. சூடு பட்டால் எரிச்சல் கூடும். சித்தி களிம்பு தடவிவிடுகிறார். விரல் மரத்திருப்பதால் மீன் வெட்டும் கத்தியும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

சித்தியிடம் ஒரு நோட்டு இருக்கிறது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டாரா, செருப்பு கழன்றது தெரிந்ததா என்று தினமும் எழுதுகிறார். குளிர்க் கூச்சம் போய்விடும். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் சேர்ந்துகொண்டே வரும் மரத்துப்போதல் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். மருந்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று டாக்டர் முடிவெடுக்க இந்தக் குறிப்புதான் உதவும். மூன்றாம் நிலைக் குடல் புற்றுநோயில், ஆபத்து குறைவானவர்களுக்கு இதே மருந்துக் கூட்டு ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதமே ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது, நரம்புப் பாதிப்பும் வெகுவாகக் குறைகிறது என்று 2018இல் வெளியான சர்வதேச ஆய்வு காட்டியது. சித்தப்பாவுக்கும் நான்கு தவணைதான்.

டிவி பக்கத்தில் தெர்மாமீட்டர். “குளிர் தானாப் போயிடும்ப்பா, காய்ச்சல்தான் காத்திருக்காது” என்றார் சித்தி. கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம். காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை. இவர்களுக்கு ஜி.பி. பந்த் மருத்துவமனை ஆட்டோ தூரம். திக்லிபூரில் இருப்பவருக்கு அப்படியா? அங்கிருந்து வரும் வழியில், ஜாரவா பழங்குடியினரின் காட்டுச் சாலையில் குறித்த நேரத்தில்தான் வண்டிகளைக் கூட்டமாக விடுகிறார்கள். ஹேவ்லாக்கில் இருப்பவர் கப்பலை நம்பியிருக்க வேண்டும்.

ஆகவே தூரத் தீவுகளில் இருப்பவர்கள், மெயின்லேண்டிலிருந்து திரும்பியதும் நேரே ஊருக்குப் போகாமல், டாக்டர் சொல்லும் நாள்வரை ஸ்ரீ விஜயபுரத்திலேயே தங்குங்கள். கிளம்பும் முன் மூன்று விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஏற்றிய மருந்தின் பெயர், எந்த அறிகுறிக்கு ஓட வேண்டும், இரவில் யாருக்குப் போன் செய்ய வேண்டும்.