திரையில் ஒரு பால்மரம்

மலேசியாவின் பாரிட் புந்தாரில் ரயிலை விட்டு இறங்கினால் பேரா மாநிலம். கிரியான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கெடா; அதுதான் பண்டார் பாரு. ஆற்றோடு மேற்கே போனால் பினாங்கு. மூன்று மாநிலம் கூடும் இந்த மூலைக்கு வந்தவன் கண்டதெல்லாம் செம்பனை. நான் தேடிவந்த பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, தங்கியிருந்த வீட்டில் ஒரு மடிக்கணினித் திரையில்தான் பார்த்தேன்.

அனிமேஷன் படிக்கும் அந்த வீட்டுப் பெண், தன் ஆயாவின் பால்வெட்டு வேலையைப் படமாக்கிக்கொண்டிருந்தாள். திரையின் அடியில் டைம்லைன். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிரேம். நொடிக்கு 24 பிரேம், இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்றால் 12 படம் வரைய வேண்டும். இருட்டுக் காடு ஒரு லேயர், அதன்மேல் மரம், பால் சேரும் மங்கு, கை, உளி. எல்லாவற்றுக்கும் மேலே நெற்றி விளக்கின் வெளிச்சம். முந்தைய படம் மங்கலாக அடியில் தெரிய, அடுத்ததை வரைகிறாள்.

ஆயா எட்டிப் பார்த்தார். “எடுத்ததும் வெட்டுறதா? கோட்டுப்பால உரிச்சு, மங்கத் தொடச்சிட்டில்ல உளிய வைக்கணும்!”

கோட்டுப்பால் என்பது முந்தைய வெட்டுக்கோட்டில் உறைந்து கிடக்கும் பால். பேத்தி உளியின் பிரேம்களை அப்படியே வலப்பக்கம் இழுத்து, முன்னால் இடம் விட்டாள். ஆயா எழுந்து நின்று வெட்டிக் காட்டினார். கையை வீசவில்லை. உளியைப் பட்டையோடு பதித்து இழுத்தபடியே, கால்கள் மரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் நகர்ந்தன. உளி ஆழமாக இறங்கி உள்மரத்தில் காயம் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்றார். அதுவரை படத்தில் கால்களே இல்லை! தோட்டத்துப் பழைய புகைப்படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒன்றும் இந்த நடையை எனக்குக் காட்டியதில்லை.

இப்படி லேயர் லேயராக வரைவது இங்கே புதிதல்ல. மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம் ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’. ஆனந்தம் சேவியர் உருவாக்கியது, 1983இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் லேயர் என்பது கண்ணாடி போன்ற தாள். அடுக்கிவைத்து, பிரேம் பிரேமாகக் கேமராவில் எடுக்க வேண்டும். 2007இல் தொடங்கிய ‘உப்பின் இப்பின்’ தொடரில் கடைக்கார முத்து அங்கிளும் சிறுவன் ராஜுவும் உண்டு. அவர்களைப் பார்த்து வளர்ந்தவள் இப்போது தன் ஆயாவை வரைகிறாள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

கால்களுக்குத் தனி லேயர் வந்தது. கோட்டில் பால் கசிந்து மங்குக்கு வழிந்தது. ஆயா விடவில்லை. “வெயில் ஏறினா பாலெடுக்கணுமே, காண்டா வாளி எங்கே?”

“இருங்க ஆயா, வரையிறேன்” என்று பேத்தி இன்னொரு லேயரைத் திறந்தாள்.