தொழிலும் ஆர்வமும்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் முகூர்த்த நாள்களில் திருமண மண்டபங்கள் நிறைந்திருக்கும். மணமேடைக்கு எதிரே பெரிய வீடியோ கேமராவைத் தோளில் தாங்கி ஒருவர் நிற்பார்; அவர் தொழில் வல்லவர். மணமகளின் தம்பியோ மாமன் மகனோ உள்ளங்கை அளவுள்ள கேமராவுடன் இடையே புகுவான், அவன் ஆர்வலன். "தம்பி, தள்ளி நில்; விளையாட இது இடமன்று" என்னும் குரலைப் பல திருமணங்களில் கேட்டிருக்கிறேன்.

அக்கடுமையில் நியாயம் இல்லாமல் இல்லை. திருமாங்கல்யம் பூட்டும் நொடி ஒருமுறைதான் வரும். கெட்டிமேளம் முழங்கும்போது மின்கலம் தீர்ந்துவிட்டால் ஆர்வலன் சிரித்துக்கொண்டே நகரலாம். கூலி பெற்றவர் என்ன விடை சொல்வார்? ஆகவே அவர் மாற்று மின்கலமும் மாற்று விளக்கும் கொண்டு வருகிறார். பந்தியில் அமராமல் பசியோடு நிற்கிறார். சாம்பாரின் மணம் வேறு அவர் சினத்தை வளர்க்கும்!

ஆயினும், கருவி சிறிது என்பதற்காகவே அதனை இகழ்வதை நான் ஒப்பேன். 1923ஆம் ஆண்டில் கோடக் நிறுவனத்தார் 16 மில்லிமீட்டர் படச்சுருளை வீட்டில் படம் எடுப்போருக்கென்றே விற்பனைக்குக் கொண்டுவந்தனர். திரைத்தொழிலில் வழங்கியது 35 மில்லிமீட்டர்ச் சுருள். அதனினும் குறுகியதைத் தொழில் வல்லார் 'தரத்திற்குக் குறைந்த அளவு' என்றே அழைத்தனர். பின்னாளில் தொலைக்காட்சிச் செய்திகளும் ஆவணப் படங்களும் ஏராளமாக அச்சிறிய சுருளிலேயே எடுக்கப்பட்டன.

நம் சென்னையின் கதை இன்னும் சுவையானது. நடராஜ முதலியார் மோட்டார் வண்டிகளும் உதிரி உறுப்புகளும் விற்ற வணிகர். படம் பிடிக்கும் ஆசை அவரைப் பூனா வரை இழுத்துச் சென்றது. அங்கிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளர், "வணிகனுக்கு இஃது எதற்கு?" என்று வாயிலிலேயே திருப்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யாமல், கேமராவின் கைப்பிடியைச் சுழற்றக் கற்பித்தார். வினாடிக்கு இருமுறை, வேகம் மாறாமல் சுழற்ற வேண்டும். கை தளர்ந்தால், நடந்து வந்தவர்கள் திரையில் ஓடுவார்கள். சென்னைக்குத் திரும்பிய முதலியார், மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்பு நிலையம் அமைத்து, 1910களின் பிற்பகுதியில் 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் என்று போற்றப்படுவது அதுவே. இயக்கியவரும் அவர், கைப்பிடியைச் சுழற்றியவரும் அவர்.

அப்படத்தின் பிரதி ஒன்றும் இன்று எஞ்சவில்லை. ஆனால் அதன் வரலாற்றை எழுதுவோர், முதலியாரின் பெயரோடு ஸ்மித்தின் பெயரையும் சேர்த்தே எழுதுகின்றனர்.