வரிப்பேரேட்டில் வாழ்ந்தவர்கள்

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் ரோமரைப் படிக்கிறார்கள், ஆங்கிலோ சாக்சன்களைப் படிக்கிறார்கள், வைக்கிங்குகளோடு கப்பலேறி 1066 வரைக்கும் வந்துவிடுகிறார்கள். நார்மண்டி வில்லியம் ஹேஸ்டிங்ஸில் வென்றதற்குப் பிறகு 1509 வரையான இடைக்காலம், பதினொரு வயதுக்கு மேல் அடுத்த பள்ளிக்கூடத்தில்தான் முறையாக வருகிறது. அதுவரை அவர்களுக்குக் கிடைப்பது பிளாஸ்ரிக் கோட்டையும் வாளும் பிறந்தநாள் விழாவில் போட்டுக்கொள்ளும் கவச உடுப்பும்தான். நாங்கள் இருப்பது யோர்க் நகருக்குப் பக்கத்தில். நகரைச் சுற்றி இடைக்கால மதில் இன்னமும் நிற்கிறது. சாமான் வாங்கப் போகிற பஸ் அந்த மதிலை ஒட்டித்தான் ஓடுகிறது. இப்படி ஓர் ஊரில் வளர்கிற பிள்ளைகளின் மனதில் அந்தக் காலம் குதிரையும் வாளுமாக மட்டும் பதிந்துவிடக் கூடாது என்றுதான் ஞாயிறு காலைகளில் குசினி மேசையில் நானே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.

மன்னர்களின் வரிசையை நான் மனப்பாடம் செய்ய விடுவதில்லை. கணக்குப் புத்தகங்களிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தின் இடைக்காலம் எழுதிவைத்த காலம். யாரிடம் எத்தனை மாடு, யார் எவ்வளவு வரி, யார் யாருக்குக் கடன் என்று எழுதி எழுதியே ஆண்டிருக்கிறார்கள். அரண்மனைப் பக்கமே போகாத சனங்களின் பெயர்கள் அந்த ஏடுகளில்தான் கிடக்கின்றன.

முதல் ஏடு டூம்ஸ்டே புத்தகம். 1085 நத்தார் காலத்தில் குளொஸ்டரில் சபை கூட்டிய வில்லியம், தான் பிடித்த நாட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க ஆள் அனுப்பினான். அடுத்த ஆண்டே 13,000க்கு மேற்பட்ட ஊர்களின் விவரம் திரண்டுவிட்டது. கேள்விகள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்: வில்லியம் வருவதற்கு முன்பு ஆண்ட எட்வர்ட் அரசன் காலத்தில் நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம், எத்தனை ஏர், எத்தனை குடியானவர், எத்தனை அடிமைகள், ஆலை உண்டா, புல்வெளி எவ்வளவு, காடு எவ்வளவு, மீன் பிடிக்கிற இடம் உண்டா, அன்று என்ன பெறுமதி, இன்று என்ன பெறுமதி. அடிமைகள் என்ற இடத்தில் மகன் நிமிர்ந்து பார்த்தான். ஆம், இந்த நாட்டிலேயே, இந்த நாட்டுக்காரரே அடிமைகளாக இருந்திருக்கிறார்கள். புத்தகத்தில் எண்ணப்பட்ட மனிதரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமை.

இந்தப் பதிவுகளை ஊர்ப்பெயர் போட்டு இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். பிள்ளைகள் முதலில் தேடியது நாங்கள் இருக்கிற ஊரை. பிறகு கூட்டாளிமாரின் ஊர்கள், பிறகு பஸ் பலகையில் பார்க்கிற ஊர்கள். யோர்க்ஷயரில் இப்படித் தேடிக்கொண்டு போனால் ஒரு விஷயம் கண்ணை உறுத்தும். எட்வர்ட் காலத்தில் இத்தனை ஷில்லிங் என்று இருக்கும், அடுத்து, இப்போது பாழ் என்று இருக்கும். அடுத்த ஊரும் பாழ். அதற்கடுத்ததும் பாழ். 1069, 1070 குளிர்காலத்தில், தனக்கெதிராகக் கிளர்ந்த வடக்கை வில்லியமின் படை எரித்தது. தானியத்தையும் கால்நடையையும் ஏர்களையும் அழித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் பட்டினியால் செத்தார்கள். பதினாறு, பதினேழு ஆண்டு கழித்து வந்த கணக்கப்பிள்ளைக்கும் அங்கே எழுத எதுவும் இருக்கவில்லை. போர் என்றால் என்னவென்று என் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தின் படத்தைவிட இந்தப் பட்டியல் உதவியது.

"அம்மா, அப்ப எங்கட ஆக்கள் எங்கை இருந்தவை?" என்று மகள் கேட்டாள். இந்த நாட்டில் வளர்கிற எங்கள் பிள்ளைகள் எல்லோருமே எப்போதோ கேட்கிற கேள்வி இது. பதில் கையிலேயே இருந்தது. டூம்ஸ்டே எழுதப்பட்ட அதே 1086ஆம் ஆண்டில் சோழ நாட்டில் முதலாம் குலோத்துங்கனும் நிலம் அளப்பித்தான். ஒருவரையொருவர் கேள்விப்பட்டே இராத இரண்டு அரசர்கள் ஒரே ஆண்டில் நிலத்தை அளந்து ஏட்டில் ஏற்றுகிறார்கள். ஒருவன் புதிதாகப் பிடித்த நாட்டை அளக்கிறான், மற்றவன் பழைய நாட்டில் புதிதாக ஆட்சிக்கு வந்தவன். இலங்கையில் சோழராட்சி அதற்கு முன்பே, 1070இல் முடிந்துவிட்டது. பொலநறுவையில் விஜயபாகு ஆண்டுகொண்டிருந்தான். சோழர் அங்கே கட்டிய சிவன் கோயில் இன்றைக்கும் நிற்கிறது. இவ்வளவையும் ஒரு கொப்பித் தாளில் அருகருகே எழுதி ஒட்டினோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் இடைக்காலம் என்றால் புலிக்கொடியும் கடாரமும்தான். கடாரம் போனது உண்மை, பெருமைப்படலாம். ஆனால் அது பிளாஸ்ரிக் கோட்டையின் தமிழ் வடிவம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நானூறு ஆடல்மகளிரின் பெயர், அவர்கள் வந்த ஊர்க் கோயில், குடியிருந்த தெரு, எத்தனையாவது வீடு என்று வெட்டிவைத்திருக்கிறதே, அதை ஏன் ஒரு பிள்ளைக்கும் நாம் காட்டுவதில்லை? ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, நாளுக்கு ஓர் உழக்கு நெய் என்ற கணக்கை என் மகனிடம் கொடுத்தபோது அவன் ஒரு காலைப் பொழுது முழுக்க ஆடுகளோடு இருந்தான். கிடாய்களையும் சேர்த்து எண்ணலாமா, ஆடு செத்தால் யார் பொறுப்பு, மேய்ப்பவனுக்கு என்ன மிச்சம் என்றெல்லாம் கேட்டான். அரசியல், பொருளாதாரம், பக்தி எல்லாம் அந்த உழக்கு நெய்க்குள் இருந்தன.

மிளகு, கறுவா கதைகளும் இதே மேசையில்தான் வந்தன. 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இபின் பதூதா, புத்தளத்தில் யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் கரையில் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும் எழுதியிருக்கிறார். அந்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் பணக்காரர் வீட்டுச் சமையலில் கறுவாவும் மிளகும் இஞ்சியும் தாராளமாக விழுந்தன. அலமாரியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். எத்தனை கை மாறி, எத்தனை துறைமுகம் தாண்டி வந்திருக்கும் என்று பிள்ளைகள் வரைபடத்தில் கோடு போட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1348இல், கொள்ளைநோய் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்ததும் வணிகரின் கப்பலில்தான் என்பதை அந்தக் கோட்டின் முனையிலேயே சொல்ல முடிந்தது.

மகளுக்குப் பதினொன்று நடக்கும்போதுதான் கிளிஃபர்ட் கோபுரத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்கு முன்பும் பல தடவை அதைக் கடந்து போயிருக்கிறோம். நகர் நடுவே ஒரு புல்மேடு, மேலே கல்கோபுரம், பங்குனியில் மேடு முழுக்க மஞ்சள் டாஃபடில். இப்போதுள்ள கல்கோபுரம் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குரியது. முன்பு அங்கே நின்றது மரத்தால் ஆனது. 1190 மார்ச் 16ஆம் திகதி இரவு, யோர்க்கின் யூதக் குடும்பங்கள் ஏறத்தாழ 150 பேர் அதற்குள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். வெளியே கூட்டம். முதலாம் ரிச்சர்ட் சிலுவைப் போருக்கென்று புறப்பட்டு நாட்டிலேயே இல்லை. உள்ளே இருந்தவர்களில் அதிகம் பேர், ரபி யோம் தோவ் சொன்னபடி, தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னதை நம்பி வெளியே வந்தவர்களைக் கூட்டம் கொன்றது. பிறகு நேரே பேராலயத்துக்குப் போய், அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களை எடுத்து எரித்தது. கூட்டத்தை நடத்தியவர்களில் கடன்பட்ட கனவான்கள் இருந்தார்கள்.

மகள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது பத்திரங்களைப் பற்றித்தான். ஆட்களைக் கொன்ற பிறகு தாளை ஏன் எரிக்க வேண்டும்? தாள் இருந்தால் கடன் இருக்கும். யூதர்கள் அரசனின் உடைமை என்பது அக்காலச் சட்டம், ஆகவே அவர்கள் இறந்தால் அந்தக் கடன் அரசனுக்குச் சேரும். அதனால்தான் 1194இல் அரசு புது ஏற்பாடு செய்தது: கடன் பத்திரங்களுக்குப் படி எடுத்து, பூட்டுப் போட்ட பெட்டிகளில் ஊர் ஊராக வைப்பது. உயிருக்குப் பாதுகாப்புத் தருவதைவிட வேகமாகத் தாளுக்குப் பாதுகாப்பு வந்தது. 1290 ஜூலையில் முதலாம் எட்வர்ட் யூதர் அனைவரையுமே நாட்டைவிட்டுப் போகச் சொன்னான், நவம்பர் முதலாம் திகதி கெடு. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்கள் இங்கே வெளிப்படையாகக் குடியிருக்க முடியவில்லை.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு நிம்மதியான நாடொன்று வேண்டுமென்றுதானே வந்தோம், அதன் மேலுள்ள நம்பிக்கையை ஏன் குலைக்கிறீர் என்றார். அவர் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் சொல்ல வேண்டுமென்றே நினைக்கிறேன். தான் பிறந்த ஊரின் கெட்ட காலத்தையும் தெரிந்துவைத்திருக்கிற பிள்ளைக்கு அந்த ஊரில் வேர் இன்னும் ஆழமாகத்தான் போகும். அந்த மேட்டிலே 1978இல் நினைவுக்கல் வைத்தவர்களும் இந்த நாட்டவர்கள்தானே.

1381 கிளர்ச்சியைச் சொல்லும்போது எங்கள் அம்மா, பிள்ளைகளுக்கு அம்மம்மா, மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலைக்கு ஒரு ஷில்லிங் வரி, பதினைந்து வயதுக்கு மேல் எல்லோருக்கும். கென்ட், எசெக்ஸ் குடியானவர்கள் வற் டைலர் தலைமையில் லண்டனுக்குள் புகுந்தார்கள், பதினான்கு வயது இரண்டாம் ரிச்சர்ட் அரசன் குதிரையில் வந்து அவர்களோடு பேசினான். பிள்ளைகள் முழுக்கக் குடியானவர் பக்கம் நின்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான். அதனாலேயே அடுத்ததையும் சொன்னேன். அதே கூட்டம் ஜூன் 14ஆம் திகதி லண்டனில் பிளெமிஷ் நெசவாளரைத் தேடிப் பிடித்துக் கொன்றது. தேவாலயத்துக்குள் ஒளிந்தவர்களையும் இழுத்து வந்து வெட்டியது. அவர்கள் சும்மா வந்தவர்கள் இல்லை. 1330களில் மூன்றாம் எட்வர்ட் பாதுகாப்புக் கடிதம் கொடுத்து வெளிநாட்டுத் துணித் தொழிலாளரை வரவேற்றிருந்தான். லண்டன் நாளாகமம் ஒன்று ஒரு கதை சொல்கிறது: ரொட்டி, பாலாடைக்கட்டி என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சரியாகச் சொல்ல வராதவர்களின் தலை போனதாம்.

அம்மா கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எங்களை வாளிக்குச் சிங்களத்திலை என்னெண்டு சொல்லச் சொன்னவங்கள்," என்றார். 1983 இனக்கலவரத்தில் கும்பல்கள் தெருவில் மறித்து, 'பால்திய' என்று சொல்லச் சொல்லித் தமிழரை அடையாளம் கண்டதைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்டார்கள். 83இல் அம்மா வெள்ளவத்தையில் இருந்தவர். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்ததையும் அவரே சொன்னார். மகள் உடனே கேட்டாள், "அப்ப பட்டியலிலை பேர் இருக்கிறது நல்லதோ கூடாதோ?" அம்மாவிடமும் என்னிடமும் அதற்கு ஒரே பதில் இருக்கவில்லை. பேர் இருந்தால் காணி உறுதி எழுதலாம், வாக்குப் போடலாம், அகதி விண்ணப்பத்துக்குச் சான்று காட்டலாம். அதே பேரை வைத்துத்தான் கதவையும் தட்டினார்கள்.

அந்தக் கேள்வியோடுதான் 1440க்குப் போனோம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த ஏடு அதுதான். அந்த ஆண்டு நாடாளுமன்றம் வெளிநாட்டில் பிறந்தவர்கள்மேல் ஒரு வரி போட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, சொந்தமாகக் குடித்தனம் நடத்தினால் ஆண்டுக்கு 16 பென்னி, இல்லாவிட்டால் 6 பென்னி. வரி கட்ட வேண்டியவர்களை ஊர் ஊராகப் போய் எழுதினார்கள். ஸ்கொட்லாந்துக்காரர், பிரான்ஸ்காரர், பிளாண்டர்ஸ், பிரபாண்ட், ஹாலந்து, ஐஸ்லாந்து. முதல் பட்டியலில் ஐரிஷ்காரர்கூட வெளியாட்கள். யோர்க் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் மார்க் ஓம்ரோட் தலைமையில் இந்த வரி ஏடுகளையும் மற்ற ஆவணங்களையும் தொகுத்து, 1330க்கும் 1550க்கும் இடையில் இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய 64,000க்கு மேற்பட்டவர்களின் பெயர்களை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். துறைமுகங்களிலும் லண்டனிலும் மட்டும் இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வயலும் ஆடும் மட்டுமுள்ள ஊர்களிலும் ஒருவர் இருவர் இருந்திருக்கிறார்கள். தையல்காரர், சப்பாத்துத் தைப்பவர், பொற்கொல்லர், பியர் காய்ச்சுபவர், பாதிரியார், இன்னாருடைய வேலைக்காரன், இன்னாருடைய வேலைக்காரி. பல வேலைக்காரருக்கு முழுப்பெயரே இல்லை.

இந்த நாட்டுக்கு வெளியாட்கள் வந்து சேர்ந்தது நேற்று முன்தினம்தான் என்று பேசுகிறவர்களைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் பார்க்கிறார்கள், தெருவிலும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வாயால் மறுமொழி சொல்ல நான் பழக்கவில்லை. யோர்க் என்று போட்டுத் தேடு என்று மட்டும் சொன்னேன். ஒரு மாரிகால ஞாயிறு முழுக்க மகள் பெயர்களைக் கொப்பியில் இறக்கிக்கொண்டிருந்தாள், தொழில் ஒரு பக்கம், நாடு ஒரு பக்கம், வரி ஒரு பக்கம்.

பிறகு எங்கள் வீட்டுக்கும் அதே மாதிரி ஒரு பதிவு எழுதினாள். அப்பா குடித்தனக்காரர், 16 பென்னி. அம்மம்மா எங்களோடு இருப்பவர், 6 பென்னி. அவளும் தம்பியும் இங்கே பிறந்தவர்கள், ஆகவே வரி இல்லை. என் பெயரில் வந்து நின்றுவிட்டாள். அந்த ஏடுகளில் மனைவிமாரைச் சில இடங்களில் பெயரோடு எழுதியிருக்கிறார்கள், சில இடங்களில் இன்னாருடைய மனைவி என்று விட்டிருக்கிறார்கள், சில இடங்களில் எழுதவேயில்லை. எழுதாமல் விட்டால் 6 பென்னி மிச்சம் என்றான் தம்பி. பெயர் இல்லாவிட்டால் அம்மா இங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது என்றாள் அவள். வாக்குவாதம் பெரிதாகி அப்பாவிடம் போனது. கடைசியில் அவள் என் பெயரை முழுதாக எழுதி, ஊர் யாழ்ப்பாணம் என்று போட்டு, எதிரே 6 பென்னி பதிந்தாள்.