ஜெராக்ஸ் கடையில் அம்மா

அம்மாவின் போனில் தினமும் ஒன்றரை ஜிபி டேட்டா. முக்கால்வாசி தீராமலே ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காலாவதியாகிவிடும். ஆனாலும் கரண்ட் பில் கட்ட அவள் பழைய பல்லாவரத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகிறாள். பில்லுக்கு மேல் பத்து ரூபாய் கொடுக்கிறாள். தினமும் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் ஐ.டி. வேலைக்குப் போகிற எனக்கு இது மானப் பிரச்சினை.

“போன்லயே ரெண்டு நிமிஷ வேலைம்மா. எதுக்கு பத்து ரூபா தண்டம்?”

“இருக்கட்டும்” என்றாள். அவ்வளவுதான்.

யோசித்தால், எனக்கும் அப்படி ஒரு கடை இருந்தது. ஸ்டேஷன் பக்கம், மாடியில், ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே இருந்த அக்காதான் எனக்கு முதல் மெயில் ஐடி ஆரம்பித்துக் கொடுத்தார். “பாஸ்வேர்டை நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வச்சுக்கோ. மறந்துட்டு வந்து அழாத.” ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த காலையில் படிக்கட்டு வரை கூட்டம். என் நம்பரை அடித்துவிட்டு, ஸ்க்ரீனை என் பக்கம் திருப்புவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மார்க் மறந்துவிட்டது. அந்தத் தலையாட்டல் மறக்கவில்லை.

இணையத்தைக் கடைக்குக் கொண்டுவந்த கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1995இல் தொடங்கிய சத்யம் இன்ஃபோவே, ஆர். ராமராஜ் தலைமையில் 1999இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. பின்னாளில் சிஃபி. அவர்களுடைய ‘ஐவே’ மையங்கள் நாடு முழுக்கத் திறந்தன. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவிலிருந்து பிறந்த ‘என்-லோக்’ அதையே கிராமத்துக் கியோஸ்க்காக எடுத்துப் போனது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது பழைய எஸ்.டி.டி. பூத் கணக்கு: வீட்டுக்கு ஒன்று கட்டுப்படியாகாது, தெருவுக்கு ஒன்று கட்டுப்படியாகும்.

பிறகு சைபர் கஃபே விதிகள் வந்தன, 2011இல். அடையாள அட்டை, வருகைப் பதிவேடு, தடுப்பு நாலரை அடிக்கு மேல் கூடாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. தெருவுக்கு ஒன்று என்ற கணக்கே அர்த்தமிழந்தது. பெங்களூரில் கரம் லட்சுமணும் சுபேந்து சர்மாவும் ‘வைஃபை டப்பா’ என்ற பெயரில் டீக்கடைகளிலும் பேக்கரிகளிலும் ரவுட்டர் வைத்து, இரண்டு ரூபாய்க்குக்கூட டேட்டா விற்றார்கள். 2020 டிசம்பரில் மத்திய அரசே ‘பிஎம்-வாணி’யைக் கொண்டுவந்தது. பெட்டிக்கடைக்காரரும் வைஃபை விற்கலாம். உரிமம் வேண்டாம், பதிவுக் கட்டணம் வேண்டாம்.

நல்ல யோசனைகள்தான். ஆனால் இவை அதிகம் கவலைப்பட்டது விலையைப் பற்றி, லைனைப் பற்றி. டேட்டா விலை விழுந்ததும் பிரவுசிங் சென்டர் செத்திருக்க வேண்டும். எங்கள் ஏரியாவில் அது போர்டைத்தான் மாற்றிக்கொண்டது: ஜெராக்ஸ், ஆதார், பான் கார்டு, ஆன்லைன் சேவை. அங்கே யாரும் இணையம் வாங்க வருவதில்லை. இணையத்தோடு தங்களுக்காகப் பேச ஒரு ஆளைத் தேடி வருகிறார்கள்.

போன மாதம் அம்மாவோடு நானும் அந்தக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருபது வயசு இருக்கும் ஒரு பெண். அம்மா ஓடிபியைத் தப்பாகப் படித்தாள். “பரவால்ல ஆன்ட்டி, மறுபடி அனுப்புறேன்.” இரண்டாவது தடவையும் தப்பு. “மெதுவா சொல்லுங்க, அவசரமில்ல.”

திரும்பி நடக்கும்போது அம்மாவே ஆரம்பித்தாள். “நீ நல்லாத்தான் சொல்லித் தர. ஆனா ரெண்டாவது வாட்டி கேட்டா, உஸ்ஸுன்னு ஒரு மூச்சு வுடற பாரு... அந்தப் பொண்ணு வுடாது.”

ஆபீஸில் பெயரே தெரியாத யூசருக்காக ஒரு பட்டனை எங்கே வைப்பது என்று மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். பதில் வரவில்லை.

இந்த மாதம் பில் வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் அவள் கையில். முதல் ஓடிபி காலாவதியானது. இரண்டாவதும். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“மூக்கால வுட்டாலும் கேக்குது.”